ஞாயிறு ஓட்டும் ஏழு கறியும்

ரோஸ் ஹில் குடும்பம் குழு
மொரிஷியஸ், சனி, 9 நவம்பர் 2024

அத்தை: [பல முறை ஃபார்வர்டு செய்யப்பட்டது] நாளைக்கு பொதுத் தேர்தல்ல நம்ம ஆளுக்கு மட்டும் ஒரு குறி போடுங்க, மத்த ரெண்டையும் விட்டுடுங்க. அப்பதான் ஜெயிப்பார்!!

அத்தை: நிஜமா இது?

ரவி: நாளைக்கு நிச்சயதார்த்தத்துக்கு வாழையிலை யாரு வாங்குறா

சித்தப்பா: யாரும் நம்பாதீங்க. தொகுதிக்கு 3 உறுப்பினர், அதனால 3 பெருக்கல் குறி போட்டே ஆகணும். 1, 2 போட்டாலும் செல்லாது, 4 போட்டாலும் செல்லாது. ரொட்ரிக்ஸ் தீவுல மட்டும்தான் 2. தாள்ல பேரெல்லாம் அகரவரிசையில வரும், ஒரே கூட்டணி ஆளுங்க மூணு பேரும் மேலயும் கீழயுமா சிதறிக் கிடப்பாங்க. அம்மா முதல் சின்னத்தைப் பார்த்ததும் குத்திட்டு மடிச்சுடுவாங்க. மூணு எண்ணிட்டு மடிக்கச் சொல்லுங்க.

பெரியப்பா: நான் கட்சி பார்க்கிறதில்ல. ஆளைத்தான் பார்ப்பேன்.

சித்தப்பா: மூணு கட்சியில மூணு பேரைக்கூட எடுக்கலாம் அண்ணே. எண்ணிக்கைதான் முக்கியம்.

பெரியப்பா: எல்லாரும் மொத்தமா ஒரே கூட்டணிக்குக் குத்தித்தான் 1982லயும் 1995லயும் தீவோட 60 இடமும் ஒரே பக்கம் போச்சு.

சித்தப்பா: எல்லா சமூகத்துக்கும் இடம் கிடைக்கணும்னு தோத்தவங்கள்ல இருந்து 8 பேர் வரை எடுக்கிற ஏற்பாடு இருக்கே. ஆனா அது 1972 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வெச்சு. தமிழருக்குன்னு தனிக் கணக்கு கிடையாது, ஹிந்துவோட சேர்த்துடறாங்க.

பெரியப்பா: அதை நான் சொன்னப்ப யாரு கேட்டீங்க

அத்தை: ஆரம்பிச்சாச்சு 🙏 ரெண்டு பேரும் போன் பண்ணிப் பேசிக்கோங்க

செல்வி: மார்ச்ல வீடு மாறி ஃபிளாக் ஊருக்கு வந்துட்டேனே, இங்கயே போடலாமா?

சித்தப்பா: முடியாதும்மா. ஜனவரியில எந்த முகவரியில பதிஞ்சாங்களோ அங்கதான். நீ காத்ர் போர்ன், 18ஆம் தொகுதி. அடையாள அட்டை மறக்காதே.

செல்வி: ஐயோ

மீனா: மாமா, நான் இந்தியப் பாஸ்போர்ட். எனக்கு?

சித்தப்பா: காமன்வெல்த் நாட்டுக்காரங்க 2 வருஷம் இங்க இருந்தா பதியலாம். பட்டியல்ல பேர் இருக்கா?

மீனா: பதியலையே

சித்தப்பா: அப்ப இந்தத் தடவை இல்ல. வர்ற ஜனவரியில பேர் பதிய ஆள் வந்தா விடாதே.

ரவி: ரிசல்ட் சாப்பாட்டு நேரத்துல வருமா

சித்தப்பா: எண்ணிக்கையே திங்கள்தான். ராத்திரி பெட்டிங்க போலீஸ் காவல்ல இருக்கும்.

அத்தை: முகூர்த்தம் 11 மணிக்கு. எல்லாரும் அதுக்கு முன்னாடி போட்டுட்டு வாங்க. அம்மாவை யாரு கூட்டிட்டுப் போறது?

ரவி: வேன்ல ஏழு கறிப் பாத்திரம் இருக்கும்

செல்வி: நான் காத்ர் போர்ன் போயிட்டுத்தான் வரணும்

பெரியப்பா: அம்மா என்கூட வரட்டும்

சித்தப்பா: அண்ணே, மூணு குறி

பெரியப்பா: 👍

ரவி: வாழையிலை??