அவசரம்: கொடைக்கானல் தீ மேப்ல மலை முழுக்க எரிஞ்ச மாதிரி வருது

கொடைப்பையன்:
வணக்கம், திங்கக்கிழமை ப்ராஜெக்ட் சப்மிஷன், 2022 கொடைக்கானல் காட்டுத்தீயில எரிஞ்ச பரப்பை எடுத்து அதை வச்சு மண் அரிப்பு மாடல் ஓட்டணும், ஆனா டிஎன்பிஆர் (தீக்கு முன்ன பின்ன எடுத்த சேட்டிலைட் படத்தை ஒப்பிட்டு எரிஞ்ச எடத்தைக் காட்டுற கணக்கு) போட்டா தீயே படாத சோலை, பைன் தோட்டம்னு மலை முழுக்க லேசா எரிஞ்சதா காட்டுது. கோடிங் சரியாத்தான் இருக்கு. யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்

வறட்டாறு:
எந்த சேட்டிலைட்? முன்ன பின்ன படம் ரெண்டும் எந்தத் தேதி? மேகத்தை மாஸ்க் பண்ணீங்களா?

காஞ்சசருகு:
இது இலையுதிர்ற பிரச்சனைதான். மார்ச்ல அடிவாரச் சரிவுல மரமெல்லாம் மொட்டையா நிக்கும், என்ஐஆர் (பச்சை இலை நல்லா திருப்பி அனுப்புற அகச்சிவப்பு ஒளி) கொறையும், ஸ்விர் (காஞ்ச எடம் அதிகமா திருப்பி அனுப்புற குறு அலை அகச்சிவப்பு) ஏறும், தீ படாமலே எரிஞ்ச மாதிரி தெரியும். முந்தின வருஷ மார்ச் படத்தோட ஒப்பிடுங்க.

பிக்சல்வாத்தியார்:
அடிப்படை படிக்காம சீனியரோட கோடிங்கை எடுத்து ஓட்டுனா இப்படித்தான் தம்பி. மோடிஸ் (சேட்டிலைட்ல இருந்து தீயைக் கண்டுபிடிக்கற கருவி) தீப்புள்ளியை மேல போட்டுப் பாத்திருந்தாலே புரிஞ்சிருக்கும்.

வறட்டாறு:
மோடிஸ் பிக்சல் 1 கிமீ, புள்ளி விழுறது பிக்சலோட நடுவுல, தீ இருந்த எடத்துலயே விழும்னு இல்ல. வியர்ஸ்னு இன்னொரு கருவி 375 மீட்டர், அதுலயும் எரிஞ்ச எல்லை கிடைக்காது. தம்பிக்கு வேணுங்கறது எல்லை.

உண்ணிச்செடி:
மாடல்னு வந்ததால சொல்றேன், தீ அபாய மாடல்ல சரிவு, ஈரப்பதம், ரோட்டு தூரம்னு எல்லாம் போடுறாங்க, தரையில கெடக்குற சருகையும் புதரையும் பல பேர் கணக்குல எடுக்கறதே இல்ல. கர்நாடகாவுல பிலிகிரிரங்கன் மலையில சோளகர் பழங்குடிங்க வருஷ ஆரம்பத்துலயே சருகுக்கு சின்னத் தீ வைப்பாங்க, 1974ல சரணாலயம் ஆனப்புறம் அதை நிறுத்திட்டாங்க, இப்ப உண்ணிச்செடிங்கற புதர் ஆளுயரத்துக்கு மண்டிக் கெடக்கு. அதுல தீ புடிச்சா மரத்து உச்சி வரைக்கும் ஏறும்.

காஞ்சசருகு:
அது வறண்ட இலையுதிர் காட்டுக்குப் பொருந்தும், சோலைக்குப் பொருந்தாது. சோலை மரம் தீ தாங்காது, ஓரத்துல தீ பட்டாலே காடு சுருங்கும்.

உண்ணிச்செடி:
சோலையில வைக்கச் சொல்லவே இல்லையே நான். எல்லாக் காட்டுக்கும் ஒரே தடைன்னு வச்சது தப்புங்கறேன். தீத்தடுப்புக் கோடு மட்டும் வெட்டிட்டா போதும்னு நெனைக்கறதும் தப்பு.

கொடைப்பையன்:
சாரி லேட், சென்டினல்-2 சேட்டிலைட், கூகுள் எர்த் இன்ஜின்ல. முன்ன படம் ஜனவரி ரெண்டாவது வாரம், பின்ன படம் மார்ச் கடைசி. மேகம் இல்ல

வறட்டாறு:
தேதிதான் விஷயம். 2022 ஜனவரி 25ல இருந்து சென்டினல்-2 ப்ராசஸிங் மாறி ஒவ்வொரு பேண்ட் (ஒளி அலைவரிசை) மதிப்புலயும் 1000 கூடி வருது. உங்க முதல் படம் அதுக்கு முன்ன, ரெண்டாவது அதுக்கு அப்புறம். நல்ல பச்சைக் காடு என்ஐஆர் 3000, ஸ்விர் 1000னு வைங்க, என்பிஆர் (ரெண்டோட வித்தியாசத்தை ரெண்டோட கூட்டலால வகுத்தது) 0.5. ரெண்டுலயும் 1000 ஏறினா 4000, 2000, கழிச்சா அதே 2000 ஆனா வகுக்கறது 6000, அதனால 0.33. ஒரு இலை கூட கருகாம 0.17 வித்தியாசம், 0.1 தாண்டினாலே லேசா எரிஞ்ச வகுப்புல விழும். பேர்ல ஹார்மனைஸ்டுன்னு இருக்கற தொகுப்பை எடுங்க, அதுல கழிச்சே தருவாங்க. இதை விட்டுட்டு மண் அரிப்பு ஓட்டுனா நல்ல சோலையெல்லாம் கோடை மழையில கரையுதுன்னு ரிப்போர்ட் போயிடும்.

பிக்சல்வாத்தியார்:
அடிப்படைன்னு நான் சொன்னது இதைத்தான்.

கொடைப்பையன்:
மாத்திட்டேன் அண்ணா, சோலை க்ளியர் ஆயிடுச்சு. அடிவாரத்துல இன்னும் கொஞ்சம் காட்டுது. நன்றி

காஞ்சசருகு:
அடிவாரத்துக்கு 2021 மார்ச் படம் போட்டுப் பாத்தீங்களா?