ஒரே பெயர், வேறு வேறு கார்டு: 3050, 3060 வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

கேள்வி | புதுபில்டர்

முதல் தடவையா பிசி அசெம்பிள் பண்றேன். ரைசன் 5 5600, பி450 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) வாங்கியாச்சு. மானிட்டர் 1080பி. கிராபிக்ஸ் கார்டுலதான் குழப்பம். கடை லிஸ்ட்ல ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, 3050 8 ஜிபி, 3060 8 ஜிபி, 3060 12 ஜிபின்னு நாலு இருக்கு. மெமரி மட்டும்தான் வித்தியாசமா? அதுலயும் வென்டஸ், கேமிங் எக்ஸ், ஓசின்னு ஒவ்வொண்ணும் ஒரு விலை. எந்த வித்தியாசத்துக்குக் காசு கொடுக்கலாம்?

பதில் | சில்லுக்கணக்கு

மெமரி மட்டும் இல்லை ப்ரோ. அந்த 8, 12 என்ற எண்ணோடு சேர்ந்து மெமரி பஸ்ஸும், அதாவது சிப்புக்கும் மெமரிக்கும் நடுவே டேட்டா ஓடும் பாதையின் அகலமும், மாறுகிறது. பெட்டியின் முன்பக்கத்தில் அதைப் போடுவதில்லை.

கணக்கு எளிதுதான். இந்தக் கார்டுகளில் இருக்கும் ஜிடிடிஆர்6 வகை மெமரி சிப் ஒவ்வொன்றுக்கும் 32 பிட் பாதை. 3060 12 ஜிபியில் 2 ஜிபி சிப் ஆறு இருக்கும், ஆக 192 பிட். 8 ஜிபியில் நான்கே சிப், 128 பிட். மெமரி வேகம் இரண்டிலும் 15 ஜிபிபிஎஸ் (ஒரு பிட் பாதைக்கு நொடிக்கு 15 கிகாபிட்; 8 பிட் ஒரு பைட்). பஸ் அகலத்தை 8 ஆல் வகுத்து இந்த வேகத்தால் பெருக்குங்கள்: 12 ஜிபி கார்டுக்கு நொடிக்கு 360 ஜிபி, 8 ஜிபி கார்டுக்கு 240. கோர் (கணக்குப் போடும் சிறு அலகு) இரண்டிலும் அதே 3584. ஆனால் மூன்றில் ஒரு பங்கு பாதை போய்விட்டதே! அதனால் 8 ஜிபிக்குள் அடங்கும் கேமிலும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) குறையும். "நமக்கு 12 ஜிபி எதற்கு" என்று நினைத்து 8 எடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

3050 இன்னும் மோசம். 8 ஜிபியில் 2560 கோர், 128 பிட், வேகம் நொடிக்கு 224 ஜிபி. 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபியில் 2304 கோர், 96 பிட், நொடிக்கு 168 ஜிபி. கோரையே குறைத்துவிட்டு அதே பெயரில் விற்பது சரியே இல்லை. அந்த 6 ஜிபி கார்டுக்கு ஒரு நல்ல பயன் உண்டு: 70 வாட்தான் இழுக்கும், மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட் தரும் 75 வாட்டே போதும். தனி பவர் கேபிள் இல்லாத பழைய ஆபீஸ் பிசிக்கு அது பொருத்தம். உங்களுக்கு இல்லை.

எல்லா ஜோடியும் இப்படி என்று எண்ணிவிட வேண்டாம். 4060 டிஐ 8 ஜிபி, 16 ஜிபி இரண்டிலும் 4352 கோர், 128 பிட், நொடிக்கு 288 ஜிபி. 16 ஜிபியில் ஒரே பாதையை இரண்டிரண்டு சிப் பகிர்ந்துகொள்கின்றன. மெமரி நிரம்பாத வரை இரண்டும் ஒன்றே. நிரம்பினால் 8 ஜிபி திணறும்.

உங்கள் லிஸ்ட்டில் 3060 12 ஜிபி எடுங்கள். பட்ஜெட் இடித்தால் 3060 8 ஜிபிக்குப் போகாமல் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 விலை கேளுங்கள். அதில் டிஎல்எஸ்எஸ் (சின்னப் படத்தைப் பெரிதாக்கி எஃப்பிஎஸ் கூட்டும் என்விடியா வசதி) கிடையாது, ரே ட்ரேசிங் (நிஜம் போன்ற ஒளி, நிழல்) பலவீனம். சாதாரண கேமிங்குக்கு நல்ல கார்டு, 132 வாட்தான்.

பதில் | திருகாணி

வென்டஸ், கேமிங் எக்ஸ் விஷயம். ரெண்டும் எம்எஸ்ஐ கம்பெனி மாடல் பேர்; ஓசின்னா ஓவர்கிளாக், வேகத்தைக் கூட்டி வச்சது. உள்ள இருக்குற சிப் ஒண்ணேதான். மாறுறது கூலர், ஃபேன், போர்டு. 3060-க்கு சிப் கம்பெனி என்விடியா சொன்ன பூஸ்ட் (சிப்போட உச்ச வேகம்) 1777 மெகாஹெர்ட்ஸ். வென்டஸ் ஓசி 1807, கேமிங் எக்ஸ் 1837. கணக்குப் போட்டா 2, 3 சதவீதம். கேம் ஆடும்போது கண்ணுக்கே தெரியாது. சத்தம் குறைவா, சூடு குறைவா வேணும்னா பெரிய கூலருக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். ஓசிங்கிற ரெண்டு எழுத்துக்காகக் கொடுக்காதீங்க. அந்தக் காசை எஸ்எஸ்டில போடுங்க.

வாங்குறதுக்கு முன்னாடி கேபினட்டை அளந்துடுங்க. பின்பக்க ஸ்லாட் தகட்டுல இருந்து முன் ஃபேன் வரைக்கும் எத்தனை மில்லிமீட்டர்னு பாருங்க. முன்னாடி ரேடியேட்டர் இருந்தா அதோட தடிமனையும் கழிக்கணும்.

புதுபில்டர்

ரொம்ப நன்றி அண்ணா. 450 வாட் தாங்குமா? அதுல கார்டுக்கான 8 பின் பவர் கனெக்டர் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு.

பதில் | திருகாணி

3060 170 வாட், 5600 அதிகபட்சம் 76 வாட். மத்ததுக்கு 50 வச்சாலும் 300 பக்கம்தான் வருது. என்விடியா 550 சொல்றது தரம் குறைஞ்ச எஸ்எம்பிஎஸ்ஸையும் மனசுல வச்சுத்தான். உங்க எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர்ல 12 வோல்ட் வரிசைல எத்தனை ஆம்பியர்னு பாருங்க. அதை 12 ஆல பெருக்கினா 400 வாட்டுக்கு மேல வரணும். 300 கூட வரலைன்னா, 450-ன்னு பேர்தான். முதல்ல அதை மாத்துங்க.

ஒரு 8 பின் உள்ள டூயல் ஃபேன் மாடலா எடுங்க. சில பெரிய மாடல் ரெண்டு கனெக்டர் கேக்கும். மோலெக்ஸ்ல (பழைய 4 பின் பவர் கனெக்டர்) இருந்து 8 பின்னுக்கு மாத்துற அடாப்டர் மட்டும் வேண்டவே வேண்டாம், வயர் உருகும்.

பதில் | சில்லுக்கணக்கு

கார்டு வந்ததும் ஜிபியு-இசட் (கார்டு விவரம் காட்டும் மென்பொருள்) போட்டு மூன்று இடம் பாருங்கள்: ஷேடர்ஸ் (கோர் எண்ணிக்கை) 3584, பஸ் விட்த் 192 பிட், மெமரி டைப் ஜிடிடிஆர்6. ஒன்று மாறினாலும் பில்லோடு கடைக்குப் போங்கள். பயாஸ் (உள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றிய போலி கார்டு பலவற்றில் பெயருக்கு முன்னால் ஃபேக் என்றே காட்டும். மெமரி டைப்பை ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், ஜிடி 1030 கார்டில் ஜிடிடிஆர்5-க்குப் பதில் டிடிஆர்4 போட்டு அதே பெயரில் விற்றார்கள். வேகம் நொடிக்கு 48 ஜிபியிலிருந்து 17-க்கு விழுந்தது.

இன்னொன்று. 5600-ல் உள்கிராபிக்ஸ் இல்லை. எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் செருகினால் திரை கறுப்பாகவே இருக்கும், கார்டில்தான் செருக வேண்டும். அங்கேயும் படம் வரவில்லை என்றால் கார்டைப் பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பி450 போர்டு பழைய பயாஸோடு வந்திருந்தால் 5600-ஐ அடையாளம் காணாது. முதலில் பயாஸ் அப்டேட் பண்ணிப் பாருங்கள்.