முதல் பியானோ புத்தகம்: நடு சி-யில் தொடங்குவதா, கறுப்புக் கட்டையிலா?

சுருதிப்பெட்டி: ஏழு வயதுப் பிள்ளை, சரளமாக எழுத்துக்கூட்டிப் படிக்கும், பியானோ தொட்டதில்லை. வாரம் ஒரு வகுப்பு. ஆசிரியர் "ஜான் தாம்ப்சனோ பேபரோ, எதையாவது வாங்கி வாருங்கள்" என்கிறார். இரண்டும் தொடக்கப் பியானோ பாடப் புத்தக வரிசைகளாம். எதை வாங்கலாம்?

கட்டைவிரல்: தாம்ப்சன். அவருடைய சின்னத் தொடக்கப் புத்தகம் 1936-இல் வந்தது, இன்றும் விற்கிறது. இரண்டு கட்டைவிரலும் நடு சி-யில், அதாவது பியானோவின் நடுவிலுள்ள சி சுரத்தின் வெள்ளைக் கட்டையில், உட்காரும். அங்கிருந்து வலது கை டி, இ என்று மேலேறும். இடது கை பி, ஏ என்று கீழிறங்கும். புதுச் சுரம் ஒவ்வொன்றாக வருவதால் பிள்ளைக்குக் குழப்பமில்லை, ஆரம்பத்திலிருந்தே ஐந்து கோட்டில் (சுரம் எழுதும் கோடுகளில்) வாசிக்கும். பேபரின் ப்ரைமரிலோ (அந்த வரிசையின் முதல் புத்தகம்) தொடக்கப் பக்கங்களில் கோடே கிடையாது. கறுப்புக் கட்டையைத் தட்டிக்கொண்டே வாரங்கள் ஓடிவிடும்.

அரைச்சுரம்: அந்த வாரங்கள் வீண் இல்லை சார். இரண்டு கறுப்பு, மூன்று கறுப்பு என்று கூட்டம் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு எந்த சி-யையும் டி-யையும் எண்ணாமல் தொட வரும். நீளமான 2, 3, 4 விரல்கள் (கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5) மூன்று கறுப்புக் கட்டைமேல் தாமாகவே வளைந்து உட்காரும். நடு சி-யில் இரண்டு கட்டைவிரலையும் வைத்துவிட்டு மேலிருந்து பாருங்கள்: முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கும், மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக ஒடிந்திருக்கும், சுண்டுவிரல் படுத்துக்கிடக்கும். அந்தப் பழக்கம் படிந்துவிட்டால் திருத்த மாதக்கணக்கில் ஆகும்.

கட்டைவிரல்: அது புத்தகத்தின் கோளாறு இல்லை, நாற்காலியின் கோளாறு. இருக்கையை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளுங்கள்; முழங்கை தானே விலகும். பெரும்பாலும் கைகள் மாறி மாறித்தான் வாசிக்கின்றன. சும்மா இருக்கும் கையை மடியில் வைக்கச் சொன்னால் இடிக்காது. உங்கள் பக்கத்து ஓட்டை பெரிது. "மேலே ஒரு படி, ஒன்றுவிட்டு ஒரு படி" என்று தூரம் பார்த்து மட்டும் வாசிக்கும் பிள்ளை முதல் சுரத்தைத் தப்பாகப் பிடித்தால் பாட்டு முழுக்க இடம் மாறிவிடும். நின்ற இடம் என்ன சுரம் என்று கேட்டால் முழிக்கும்.

அரைச்சுரம்: நிஜம். அதற்குத்தான் அடையாளச் சுரங்கள்: நடு சி, அதற்குக் கீழே எஃப், மேலே ஜி. மேல் ஐந்து கோட்டின் தொடக்கத்திலுள்ள குறியின் (ட்ரெபிள் கிளெஃப்) சுழி கீழிருந்து இரண்டாம் கோட்டைச் சுற்றுகிறது. அந்தக் கோடு ஜி. கீழ் ஐந்து கோட்டின் குறியின் (பேஸ் கிளெஃப்) இரண்டு புள்ளிகள் நான்காம் கோட்டை நடுவில் வைத்திருக்கின்றன, அது எஃப். இந்த மூன்றும் பார்த்தவுடன் வாயில் வரவேண்டும், மற்றதெல்லாம் அங்கிருந்து தூரம். பாடம் தொடங்குமுன் முதல் சுரத்தின் பெயரைச் சொல்ல வைத்தால் நீங்கள் சொல்லும் விபத்து நடக்காது.

உங்கள் பிள்ளை உண்மையில் வாசிக்கிறதா என்று இப்படிப் பாருங்கள். கட்டைவிரல் சி-யில் இருக்கும் பாட்டில் இ-யின் தலைமேல் 3 என்று விரல் எண் அச்சாகியிருக்கும். அதை அழித்து 2 என்று எழுதுங்கள். சுரத்தைப் படிக்கும் பிள்ளை கையை நகர்த்தி இ-யைத் தொடும். எண்ணைப் படிக்கும் பிள்ளை கையை நகர்த்தாமல் டி-யைத் தொடும்.

கட்டைவிரல்: நல்ல சோதனைதான். ஆனால் எண் குவிந்த பக்கம் எந்த முறையிலும் கிடக்கும். கை வைத்த இடமே மாறாமல் ஐந்து விரலில் ஓட்டும் புத்தகம் எதிலும் "சி என்றால் 1" என்று மண்டையில் ஏறும்.

தாளப்பலகை: இரண்டு பேரும் முறையைப் பற்றியே மல்லுக்கட்டுகிறீர்கள். கடையில் நடக்கும் தவறு வேறு. புத்தகத்தின் மட்ட எண் (லெவல்) எல்லா வரிசையிலும் ஒன்றில்லை. பேபரில் ப்ரைமர், 1, 2ஏ, 2பி என்று போகும். ஆல்ஃபிரட் என்ற இன்னொரு வரிசையில் தொடக்கமே 1ஏ. "முதல் புத்தகம்தானே" என்று பேபரின் 1-ஐ வாங்கினால், பிள்ளைக்கு ஐந்து கோடு ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டு அது பேசும். நான்கு, ஐந்து வயதுக்குத் தனி வரிசை உண்டு, சுரங்கள் பெரிதாக, நடை மெதுவாக. ஏழு வயதுக்கு அது குழந்தைத்தனமாகப் படும்.

பாடப் புத்தகமும் பயிற்சிப் புத்தகமும் ஒரே பதிப்பாக இருக்கட்டும். இல்லாவிட்டால் "பாடம் 12-ஆம் பக்கம்" என்ற குறிப்பு வேறெங்கோ கொண்டுபோய் விடும். பழைய பிரதியானால் முன்பு படித்த பிள்ளை ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே பென்சிலால் பெயர் எழுதியிருக்கும். அழிப்பானை எடுங்கள். எழுத்து இருக்கும்வரை கண் கோட்டுக்குப் போகாது.

கடைசியாக, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து புதுச் சங்கதிகளை எண்ணுங்கள். புதுச் சுரம், புதுத் தாளம், புதுக் கைநிலை மூன்றும் ஒரே பாட்டில் வந்தால் ஏழு வயது தடுமாறும். ஒரு பாட்டுக்கு ஒன்று போதும். அடுத்த இரண்டு மூன்று பாட்டுகளில் அதுவே திரும்ப வரவேண்டும். தாம்ப்சன் இந்த இடத்தில்தான் கொஞ்சம் அவசரக்காரர். பேபரில் பாட்டு அதிகம், நகர்வு மெதுவு.

சுருதிப்பெட்டி: இரண்டையும் வாங்கிச் சேர்த்து நடத்தினால்?

அரைச்சுரம்: ஒரே நேரத்தில் வேண்டாம். ஒன்றில் எஃப் வருமுன் மற்றதில் பி வரும், பிள்ளை எதையும் பிடித்துக்கொள்ளாது. ப்ரைமர் பாதி தாண்டியபின் தாம்ப்சனைப் பார்த்தவுடன் வாசிக்கும் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எட்டு அளவு (இரண்டு செங்குத்துக் கோட்டுக்கு இடைப்பட்டது ஓர் அளவு). விரல் எண்ணை மட்டும் காகிதத் துண்டால் மறையுங்கள்.

கட்டைவிரல்: தாம்ப்சனைத் துணைக்கறி ஆக்கிவிட்டீர்கள், பரவாயில்லை. ஆனால் முதல் சுரத்துக்கு மேலுள்ள எண்ணை மறைக்காதீர்கள். கையை எங்கே வைப்பது என்று அது ஒன்றுதான் சொல்லும். மற்றதை மறையுங்கள்.

அரைச்சுரம்: அதில் சண்டை இல்லை.

தாளப்பலகை: பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஆசிரியருக்கென்று ஒரு துணைப்பகுதி அச்சாகியிருக்கும். "ஒரு எட்டுக்கட்டு (ஆக்டேவ்) மேலே வாசிக்கவும்" என்று பிள்ளைக்கும் அங்கே குறிப்பு இருக்கும். அதைப் பார்க்காமல் உட்கார்ந்தால் இரண்டு பேர் கையும் ஒரே கட்டையில் மோதும்.