குழிக்கும் கிணத்துக்கும் 50 அடி: மட்டக்களப்பு மணலுக்கு இது போதுமா?

வாவிக்கரை:
மலசலகூடக் குழிக்கும் கிணத்துக்கும் 50 அடி எண்டு வழமையா சொல்றாங்க. கிருமிக்கு அது சரி; மணல் வடிகட்டும், போற வழியில செத்தும் போகும். மலசலத்தில இருந்து உண்டாகிற நைத்திரேற்று உப்பு அப்பிடியில்ல, தண்ணியோட கரைஞ்சே வந்து சேரும். காத்தான்குடி மாதிரி நெருக்கமான இடத்தில 10 பேர்ச்சஸ் வளவு 253 சதுர மீற்றர். சதுரமா இருந்தா ஒரு பக்கம் 16 மீற்றர்கூட இல்ல. ஒங்கட குழிய விலத்தி வச்சாலும் பக்கத்து வளவுக் குழி மதிலோட நிக்கும். அளக்க வேண்டியது தூரத்த இல்ல, தண்ணிய.

நாடாப்பிடி:
காக்கா, அனுமதி கேட்டு வாறது வீடு கட்ட முதல். இன்னும் வெட்டாத குழியால என்ன அழுக்கு வரும் எண்டு எப்பிடி அளக்கிற? அளவு நாடா எண்டா அஞ்சு நிமிசம், வழக்கு வந்தாக் கோட்டிலயும் நிக்கும். ஈ.கோலை எண்ட மலக் கிருமி பார்க்க எடுக்கிற தண்ணி மாதிரிய ஐஸ் பெட்டியில 24 மணித்தியாலத்துக்குள்ள ஆய்வுகூடத்தில குடுக்கணும். முதல் நாள் பிளீச்சிங் பவுடர் போட்ட கிணறு எண்டா பெறுபேறு 0தான் வரும். போத்தலுக்குள்ள குளோரின முறிக்கிற சோடியம் தயோசல்பேற்று இல்லாட்டி, பவுடரின்ட மிச்சக் குளோரின் வழியிலயே கிருமியக் கொன்றுபோடும்.

வாவிக்கரை:
அது ஈ.கோலைக்கு. நைத்திரேற்றக் குளோரின் ஒண்டும் செய்யாது. இலங்கைக் குடிதண்ணித் தரமான எஸ்எல்எஸ் 614இல நைத்திரேற்று உச்ச அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அறிக்கையில 12 எண்டு கண்டு "50க்குக் கீழதானே" எண்டு விட்டுர்றாங்க. அலகப் பாருங்க: "நைதரசனாக" எண்டிருந்தா அது நைத்திரேற்றில உள்ள நைதரசன மட்டும் எடுத்த கணக்கு, 4.43ஆல பெருக்கணும். 53 வரும், தரம் தாண்டிற்று! அந்த 50ஐ வச்சதே புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தைக்காக. அந்தத் தாய்க்குக் "கொதிக்க வச்சுக் குடுங்க" எண்டா இன்னும் மோசம். தண்ணி ஆவியாகச் செறிவு கூடும்.

மாரிமேகம்:
ரெண்டு பேரும் தூரத்திலயே நிக்கிறீங்க. அனர்த்த முகாம்களுக்கான ஸ்பியர் அளவில 30 மீற்றரோட இன்னொண்டும் இருக்கு: குழியின்ட அடி நீர்மட்டத்துக்கு மேல 1.5 மீற்றர் நிக்கணும். ஆவணியில கயிறு விட்டுப் பார்த்தா எல்லாம் சரியா இருக்கும். மார்கழி மழைக்கு அதே தண்ணி ஏறிக் குழிக்குள்ளயே நிக்கும். பிறகு மணல் எங்க வடிகட்டுற? மாரி மட்டத்த வச்சுத்தான் ஆழம் தீர்மானிக்கணும்.

நாடாப்பிடி:
மாரி மட்டம் ஏற்கிறன். ஆனா அந்தக் கணக்குப் பார்த்தா 10 பேர்ச்சில ஒருத்தருக்கும் அனுமதி இல்ல. சனம் ராவோட ராவா வெட்டிரும்.

வாவிக்கரை:
அங்க அடி பூசின அடைச்ச தொட்டி கட்டி, நிரம்ப நிரம்ப கலி பவுசர்ல, அதான் கழிவு உறிஞ்சுற லொறியில, இறைக்கணும்.

நாடாப்பிடி:
பவுசர் அந்த ஒழுங்கைக்குள்ள திரும்புமா எண்டு முதல்ல பாருங்க காக்கா. அதுக்கும் நாடாதான் வேணும்.