ஒரே அளவில் இரண்டு மோட்டார் படகு, எதை எடுக்கலாம்?

கேள்வி
வணக்கம். குடும்பத்தோடு ஏரியில் சுற்றவும் தூண்டில் போடவும் பழைய ஃபைபர் படகு ஒன்று வாங்கப் போகிறேன். அலசி அலசி இரண்டில் வந்து நிற்கிறது. இரண்டுமே 5 மீட்டர், இரண்டிலும் 60 குதிரைத்திறன் நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்டு (பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்). முதலாவதற்கு அடிப்பாகம் ஆழமான வி, பின்பக்கத்தில் அது படுகிடையிலிருந்து 20 டிகிரி சாய்ந்து ஏறுகிறது. இரண்டாவது 14 டிகிரி. எனக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது. இந்த 6 டிகிரியில் அப்படி என்ன வித்தியாசம் வந்துவிடும்?

பதில் 1
நிறைய வரும் நண்பரே. 20 டிகிரி அலையை வெட்டிக்கொண்டு போகும், முதுகெலும்பு தப்பிக்கும். ஆனால் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தூண்டிலோடு உட்காரும்போது, ஒருவர் எழுந்து அந்த ஓரத்துக்குப் போனாலே சாயும். 14 டிகிரி நின்ற இடத்தில் நிதானமாக இருக்கும், குறைந்த சக்தியிலேயே தண்ணீர்மேல் ஏறிச் சறுக்கி ஓடும். காற்று கிளம்பினால் மட்டும் வேகத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் தட் தட் என்று அடிக்கும். நீங்கள் அதிக நேரம் ஓடப்போகிறீர்களா, நிற்கப்போகிறீர்களா?

பதில் 2
அதோடு, இரண்டையும் முழுப் பாரத்தோடு ஓட்டிப் பாருங்கள். விற்பவர் தனியாக ஓட்டிக் காட்டினால் எல்லாப் படகும் பறக்கும். எரிபொருள் நிரப்பி, நாலு பேரையும் ஏற்றி, ஆக்சிலரேட்டரை முழுசாகத் திறந்து ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) எவ்வளவு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்
ஓட்டினேன். பெரும்பாலும் நின்று தூண்டில் போடுவதுதான் எங்கள் வேலை. எஞ்சின் கையேட்டில் 5,000 முதல் 6,000 என்று போட்டிருக்கிறது. முதல் படகு நாலு பேரோடு 4,700-ஐத் தாண்டவில்லை, இரண்டாவது 5,400 போனது. ப்ரொப்பெல்லரை மாற்றினால் சரியாகுமா?

பதில் 2
பிட்சை, அதாவது ப்ரொப்பெல்லர் ஒரு சுற்றில் கணக்குப்படி முன்னேறும் தூரத்தை, ஒரு அங்குலம் குறைத்தால் சுமார் 150 முதல் 200 ஆர்பிஎம் ஏறும். இரண்டு அங்குலம் குறைத்தாலும் 5,000-ஐத் தொட்டுக்கொண்டுதான் நிற்கும். அந்த அடிப்பாகத்துக்கு 60 போதவில்லை. அப்படியே மூச்சுத்திணற ஓட்டினால் எஞ்சினுக்குத்தான் கேடு. இரண்டாவதையே பாருங்கள், ஆனால் எஞ்சின் மாட்டியிருக்கும் பின்பலகையைச் சோதிக்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

பதில் 3
ஆமாம், அதைச் சொல்லத்தான் வந்தேன். பழைய ஃபைபர் படகுகளில் பின்பலகைக்குள்ளே பெரும்பாலும் ப்ளைவுட் இருக்கும், ஏதாவது ஸ்க்ரூ ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே மக்கிப்போகும். பிளாஸ்டிக் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீர் என்று கேட்கும், ஊறிய இடம் மொத் என்று அடங்கும். அப்புறம் எஞ்சினைப் பாதி தூக்கி வைத்து, அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள், பலகை அசையவே கூடாது. சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் (உள்ளே அமுக்கப்படும் காற்றின் அழுத்தம்) பார்த்துவிடுங்கள், ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் கேளுங்கள்.

கேட்டவர்
இரண்டாவது படகில் கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது. ஆனால் தண்ணீர் வடியும் ஓட்டையைச் சுற்றி ஒரு கையகலம் மொத் என்றே கேட்டது. உரிமையாளரிடம் கேட்டு அங்கே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினேன், பழுப்புத் தண்ணீர் கசிந்தது. மனசே இல்லாமல் விட்டுவிட்டு வந்தேன். இதே கோணத்தில் வேறு படகு தேடுகிறேன், சுத்தியல் பையிலேயே இருக்கிறது. மூவருக்கும் ரொம்ப நன்றி.