அப்பாவுக்குக் காணொளிவழி உடற்பயிற்சி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் எங்களோடு இருக்கும் அப்பாவுக்கு வயது 74. புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவிவிட்டது. 3 மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி. அது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அடக்கி நோயைக் கட்டுப்படுத்துகிறது. கூடவே தசையையும் எலும்பையும் கரைக்கிறது. தினமும் காப்பிக்கடைக்கு நடந்துபோய் ‘கோப்பி ஓ’ குடித்தவர், இப்போது மின்தூக்கிவரை போவதற்குள் உட்கார இடம் தேடுகிறார். சோபாவிலிருந்து எழ இரண்டு கைகளையும் ஊன்றுகிறார்.

உடற்பயிற்சி அவசியம் என்கிறார் மருத்துவர். ஆனால் ஊட்ரமில் உள்ள மருத்துவமனைவரை ரயில் மாறிப் போய்வந்தால் தெம்பே மிஞ்சுவதில்லை. (பயணமே பயிற்சிதானே என்று அப்பா கிண்டல் வேறு செய்கிறார்.) அதனால் இயன்முறை மருத்துவர் காணொளி அழைப்பில் நேரடியாகப் பார்த்துத் திருத்தும் வகுப்பைத் தேடுகிறோம். யூடியூபை நம்பிச் செய்யப் பயமாக இருக்கிறது. எலும்பில் நோய் இருப்பவர் முதுகை முறுக்கினாலோ கனம் தூக்கினாலோ முறிவில் முடியலாம்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா? கட்டணம் எவ்வளவு? மருத்துவரின் கடிதம் வேண்டுமா? பயிற்றுநர் தமிழ் பேசுபவராக இருந்தால் மிகவும் நல்லது. ஆங்கிலத்தில் “வலிக்கிறதா?” என்று கேட்டால், எதற்கும் “நோ, நோ” என்று தலையாட்டிவிடுவார் அப்பா.