புதுப்பிப்பு: அழைப்பிதழ் திறக்க 4 நிமிடம் எடுத்த கதை

போன கிழமை எழுதியிருந்தேன்: திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட உள்ள எங்கள் அச்சுக்கடையில் ஒரு கலியாண அழைப்பிதழைக் கணினியில் திறக்கவே 4 நிமிடம், வைரஸ் கார்டை (வைரஸ் தடுக்கும் மென்பொருளை) நிறுத்தினால் சட்டென்று திறக்கும். காரணம் பிடிபட்டுவிட்டது.

எந்த மென்பொருள் கணினியை எவ்வளவு பயன்படுத்துகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு கோப்பைச் சொடுக்கினேன். டிஸ்க் 100 வீதம் வேலையில் இருந்தது. மேல் வரிசையில் ஒன்றல்ல, இரண்டு வைரஸ் கார்டுகள்! காலாவதியான பழையது முழுதாக நீங்கியிருக்கவில்லை. அழைப்பிதழ் திறக்கும்போது அதற்கு வேண்டிய ஒரே எழுத்துருக் கோப்பை இரண்டும் போட்டி போட்டுச் சோதித்திருக்கின்றன. பழையதை, அதைச் செய்தவர்களே தரும் நீக்கும் கருவியால் துடைத்துவிட்டு மீள இயக்கினேன். இப்போது 10 விநாடிதான்.

வேலைக் கோப்புறையை வைரஸ் சோதனையிலிருந்து விலக்கச் சொன்ன அண்ணாவுக்கு நன்றி. ஆனால் அதைச் செய்யவில்லை. ஊரிலுள்ள பென்ட்றைவ்களின் கோப்பெல்லாம் அதற்குள்தான் வந்து இறங்குகின்றன; வைரஸ் வந்தாலும் அவற்றோடுதான் வரும்.